இரும்பு வாணலியில் காபிக் கொட்டை வறுப்பது: பச்சைக் கொட்டையிலிருந்து டிகாக்‌ஷன் வரை

வீட்டில் காபிக் கொட்டை வறுக்க மெஷின் தேவையில்லை. கனமான இரும்பு வாணலி, கேஸ் அடுப்பு, நல்ல காது, விடாமல் கிளறும் கை இருந்தால் போதும். புதிதாக வறுப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அடுப்பில் அல்ல. கொட்டையைப் பொறுக்காமல் போடுவது, ஆறவைக்க இடம் தயார் செய்யாமல் தீயை மூட்டுவது, நிறத்தை மட்டும் நம்புவது ஆகிய மூன்றும்தான் முதல் கிலோவைப் பாழாக்குகின்றன. அதனால் இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். இங்குள்ள அளவுகள் 200 கிராம் கொட்டைக்கும், வாயகலம் 10 முதல் 11 அங்குலம் உள்ள வாணலிக்கும், பில்டர் காபிக்கும் ஏற்றவை.

1. பச்சைக் கொட்டை: ஒரே ரகத்தில் ஒரு கிலோ

ஏற்காடு, தாண்டிக்குடி, கூடலூர், குடகு, சிக்மகளூர் என எந்த மலைக் கொட்டையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே ரகத்தில் ஒரு கிலோ வாங்குங்கள். 200 கிராம் வீதம் 5 ஈடு கிடைக்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் கொட்டையை மாற்றினால், ருசி மாறியது தீயாலா கொட்டையாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தொடங்குவதற்கு அராபிகா என்ற காபி இனத்தில் பிளாண்டேஷன் ஏ (பெரிய கொட்டை) அல்லது பீபெரி (பழத்துக்குள் இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக விளைந்த கொட்டை) நல்லது. பிளாண்டேஷன் என்றால் பழத்தோல் நீக்கி, கழுவி உலர்த்தியது. நிறமும் ஈரமும் ஓரளவு சீராக இருக்கும். பீபெரி உருண்டையாக இருப்பதால் வாணலியில் தானாக உருளும், ஒரு பக்கம் மட்டும் கருகாது. செர்ரி என்று விற்பது பழத்தோடு காயவைத்தது. அதில் நிறம் முன்பின்னாக இருக்கும், சருகும் அதிகம் பறக்கும். கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

ரோபஸ்டா என்ற இன்னொரு இனத்தைக் கலந்து குடிப்பவர்கள் அதைத் தனியாக வறுத்து, பிறகு கலக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வராது. வறுபடும்போது ரோபஸ்டா எழுப்பும் வெடிப்புச் சத்தமும் மெல்லியது. அராபிகாவின் சத்தத்தில் அது காதில் விழாது.

வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கழுவிய புதுக் கொட்டை நீலம் கலந்த பச்சையாக, புல் வாடையோடு இருக்கும். வெளுத்துப்போய், கோணி வாடையோ பூஞ்சை வாடையோ அடித்தால் வேண்டாம். வறுத்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னாலும் போகாது.

2. என்னென்ன வேண்டும்

வாணலி இரும்பாகவோ வார்ப்பிரும்பாகவோ இருக்கட்டும். கனம் இருந்தால்தான் 200 கிராம் குளிர்ந்த கொட்டையைப் போட்டதும் சூடு சரிந்துவிடாது. மெல்லிய அலுமினியம் தீ படும் இடத்தில் மட்டும் கொதிக்கும். நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. காபி வறுக்கும் சூடு அந்தப் பூச்சு தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போகும், வெறும் சட்டியாகக் காயவைக்கும்போது அதைத் தாண்டியும் போகலாம்.

மீன் வறுத்த வாணலி, தாளிக்கும் வாணலி இரண்டும் ஆகாது. காபிக் கொட்டை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். இதற்கென்று ஒரு வாணலியை ஒதுக்கிவிடுவது உத்தமம்.

நீளமான காம்புள்ள மரக்கரண்டி, கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, செல்போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. ஆறவைக்க ஒரு முறம் அல்லது பெரிய கண் சல்லடை, அதோடு ஒரு மேசை விசிறி. லேசர் வெப்பமானி இருந்தால் நல்லதுதான், ஆனால் அது காட்டுவது மேற்பரப்புச் சூட்டை மட்டுமே. அதை நம்பிக் காதை மூடிக்கொள்ளாதீர்கள்.

3. பொறுக்குவதும் எடை போடுவதும்

கொட்டையைத் தட்டில் பரப்பி அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்குங்கள். கறுத்தவை, பூச்சி துளைத்தவை, உடைந்தவை, சிப்பி போலக் குழிந்தவை, கல், குச்சி எல்லாம் வெளியே போக வேண்டும். உடைந்த துண்டு முழுக் கொட்டைக்கு முன்பே கருகி மொத்த ஈட்டுக்கும் கரி வாடை ஏற்றும். சின்னக் கல் ஒன்று மிக்ஸி பிளேடைப் பதம் பார்த்துவிடும்.

கழுவ வேண்டாம். தூசி இருந்தால் உலர்ந்த துணியில் போட்டுத் தேய்த்தால் போதும். நல்ல பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே நனைத்தால் ஒன்றுக்கொன்று ஈரம் வேறுபட்டு, வறுபதமும் வேறுபடும்.

பொறுக்கியபின் 200 கிராம் சரியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் போட்டால் பொறுக்கியெடுத்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். வாணலியில் கொட்டை இரண்டு அடுக்குக்கு மேல் போகக் கூடாது. வறுக்க வறுக்க அது ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பும். நிரப்பிவிட்டால் அடியிலுள்ளது கருகும்போது மேலுள்ளது பச்சையாகவே கிடக்கும்.

4. ஆறவைக்கும் இடம்: தீ மூட்டுவதற்கு முன்

பலரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். அடுப்பை அணைத்தாலும் வறுபடுவது நிற்காது. 200 டிகிரிக்கு மேல் சூடேறிய கொட்டை, அதே இரும்பில் கிடந்தால் அடுத்த ஒரு நிமிடத்தில் இன்னொரு பதத்துக்குப் போய்விடும். அப்போது முறத்தைத் தேடி அலமாரியைத் திறந்தால் காரியம் கெட்டது.

முறத்தையோ சல்லடையையோ அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் வையுங்கள். மேசை விசிறியை அதை நோக்கித் திருப்பி, சுவிட்சைப் போடாமல் விடுங்கள். பிளாஸ்டிக் முறமோ பிளாஸ்டிக் வடிகட்டியோ உருகும்.

ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள். சீலிங் விசிறியை நிறுத்துங்கள். தீ அலையும், சருகும் வீடெங்கும் பறக்கும். புகை நன்றாகவே வரும். ஆஸ்துமா உள்ளவர்களும் கூண்டுப் பறவைகளும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. வாணலியை முழுதாக மூடும் தட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உதிர்ந்த சருகு தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடினால் அடங்கிவிடும். தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

5. முதல் ஈடு குடிப்பதற்கு அல்ல

கீழே 6 முதல் 9 வரை சொல்லும் முறையிலேயே, முதலில் 100 கிராமை மட்டும் போட்டு, வேண்டுமென்றே கருகும்வரை கொண்டுபோங்கள். வீண் செலவு போலத் தோன்றும். இதைத் தவிர்த்தவர்கள் அடுத்த 5 ஈட்டையும் வீணாக்குகிறார்கள்.

ஒரு குழிப்பணியாரச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது நிமிடத்திலிருந்து நிமிடத்துக்கு ஐந்தாறு கொட்டையைக் கரண்டியால் எடுத்து ஒவ்வொரு குழியிலும் வரிசையாகப் போடுங்கள். முடிந்ததும் உங்கள் அடுப்பு, உங்கள் வாணலி தரும் நிறவரிசை கண்முன் இருக்கும். ஒவ்வொன்றையும் கடித்தும் பாருங்கள். இளம்பழுப்பு பல்லுக்கு அகப்படாது, புளிக்கும். பதமானது மொறுக்கென்று உடையும். கடைசிக் குழியில் இருப்பது வெறும் கரி.

6. வாணலியைக் காயவைத்துப் போடுதல்

மிதமான தீயில் வெறும் வாணலியை இரண்டு மூன்று நிமிடம் காயவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடி மறைய வேண்டும். அங்கேயே கிடந்து கொதித்தால் சூடு போதவில்லை. புகை கிளம்பினால் அதிகம். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் விடுங்கள். சூடு மிஞ்சிய இரும்பில் விழும் கொட்டையின் தட்டையான பக்கம் உடனே கரும்புள்ளி வாங்கிவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் அது போகாது.

எண்ணெய், நெய் எதுவும் விட வேண்டாம். நெய் விட்டு வறுப்பது சில வீடுகளில் வழக்கம்தான், மணமாகவும் இருக்கும். ஆனால் அந்த நெய் சில நாளில் சிக்கு வாடை அடிக்கும், பில்டரின் துளைகளையும் அடைக்கும்.

கொட்டையைப் போட்டதும் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்குங்கள். இனி முடியும்வரை கை நிற்கக் கூடாது. வட்டமாகச் சுற்றினால் நடுவில் உள்ளது நடுவிலேயே சுற்றும். அடியிலிருந்து வாரி மேலே புரட்டுங்கள். ரவை வறுக்கும் கையசைவுதான், அதைவிட வேகமாக.

7. பச்சையிலிருந்து மஞ்சள்: முதல் 5 நிமிடம்

இப்போது நடப்பது ஈரம் போவது. பச்சை வெளுத்து, பிறகு மஞ்சளாகும். வாசனை முதலில் ஈரப்புல், அப்புறம் வைக்கோல். நாலரை முதல் ஆறு நிமிடத்துக்குள் எல்லாக் கொட்டையும் மஞ்சளாகிவிட வேண்டும்.

மூன்று நிமிடத்திலேயே மஞ்சளானால் தீ அதிகம்: வெளியே நிறம் ஏறும், உள்ளே ஈரம் நிற்கும். எட்டு நிமிடமாகியும் ஆகவில்லை என்றால் தீ போதாது. அப்படி மெல்ல வெந்த கொட்டையில் மணம் எழும்பாது; டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தாலும் சப்பென்றிருக்கும்.

8. மஞ்சளிலிருந்து முதல் வெடிப்பு

வைக்கோல் வாடை மாறி, ரொட்டி சுடும் வாசனையும் வறுத்த வேர்க்கடலை வாசனையும் வரும். கொட்டையின் மெல்லிய வெள்ளித்தோல் சருகாக உதிரத் தொடங்கும். ஊதித் தள்ள வேண்டாம், அடுப்பில் விழுந்து எரியும். புகை லேசாகக் கிளம்பும்.

இந்தக் கட்டத்தில் நிறம் ஏமாற்றும். சமையலறையின் மஞ்சள் விளக்கில் இளம்பழுப்பும் நடுப்பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும். முடிந்தால் பகல் வெளிச்சத்தில் வறுங்கள். எப்படியும் கண்ணைவிட மூக்கையும் காதையும் நம்புங்கள்.

8 முதல் 10 நிமிடத்துக்குள் டப், டப் என்று ஒன்றிரண்டு சத்தம் கேட்கும். சோளப்பொரி பொரிவது போன்ற உலர்ந்த, தெளிவான சத்தம். உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையைப் பிளந்துகொண்டு வருகிறது. கொட்டையின் சூடு அப்போது ஏறக்குறைய 200 டிகிரி. ஒற்றைச் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். தொடர்ந்து நாலைந்து கேட்டதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இது முதல் வெடிப்பு.

9. எங்கே நிறுத்துவது

சத்தம் தொடர்ச்சியானதும் தீயைக் கால் பங்கு குறையுங்கள். குறைக்காமல் விட்டால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டாம் வெடிப்புக்கு ஓடிவிடும். வெளியே கறுத்து, நடுவில் பதம் வராமல் நிற்கும். பயந்து சிம்மில் வைப்பதும் தவறு. சத்தம் நடுவில் அறுந்து போனால் சூடு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் வெடிப்பு ஒன்றரை இரண்டு நிமிடம் நீடித்து அடங்கும். பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் முடிவெடுக்க வேண்டும்.

பால் விடாமல் குடிப்பவர்கள் வெடிப்பு அடங்கும்போதே இறக்கலாம்; பழப் புளிப்பு கொஞ்சம் இருக்கும். அந்தப் புளிப்பு பாலோடு ஒத்துவராது. பில்டர் காபிக்கு அந்த மௌனத்தைக் கடந்து, இரண்டாம் வெடிப்பின் முதல் ஒன்றிரண்டு சத்தம் கேட்கும் இடம் சரி. அது தாளிப்பில் கடுகு பொரிவது போல மெல்லிய, நெருக்கமான படபடப்பு. சூடு 225 டிகிரியை ஒட்டியிருக்கும். அங்கே கொட்டை கரும்பழுப்பாக, மேலே எண்ணெய் கசியாமல், சுருக்கங்கள் விரிந்து வழவழப்பாக இருக்கும். முதல் வெடிப்பு தொடங்கியதிலிருந்து இரண்டரை முதல் மூன்றரை நிமிடம், மொத்தத்தில் 11 முதல் 14 நிமிடம்.

படபடப்பு சரமாக வந்துவிட்டால் தாமதமாகிவிட்டது. மலையின் ருசி அதற்குமேல் தெரியாது, வறுத்த ருசி மட்டுமே. கொட்டை எண்ணெயில் மினுங்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மினுங்கும் கொட்டை சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். அதைத் தரத்தின் அடையாளமாக எடுக்க வேண்டாம்.

10. ஆறவைத்தல்

நீங்கள் நினைக்கும் பதத்துக்குப் பத்துப் பதினைந்து நொடி முன்பே கொட்டையை முறத்தில் கொட்டுங்கள். அடுப்பை அணைப்பது அப்புறம். விசிறியைப் போட்டு, புடைத்துக்கொண்டோ கரண்டியால் கிளறிக்கொண்டோ இருங்கள். நாலு நிமிடத்துக்குள் கையில் அள்ளும் சூட்டுக்கு வர வேண்டும். புடைக்கும்போதே சருகு பறந்துவிடும். இதைப் பால்கனியில் செய்தால் பெருக்கும் வேலை மிச்சம்.

தண்ணீர் தெளிப்பது, பிரிட்ஜில் வைப்பது, சூட்டோடு டப்பாவில் அடைப்பது மூன்றும் கூடாது. கடைசியில் சொன்னது மிக மோசம். டப்பாவுக்குள் கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வெந்து, புகையையும் தானே குடித்துக்கொள்ளும்.

அடுத்த ஈடு உடனே வேண்டாம். ஐந்தாறு நிமிடம் விட்டு, வாணலியில் ஒட்டிய சருகை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரும்பு முதல் ஈட்டின் சூட்டை இன்னும் பிடித்து வைத்திருக்கும். காயவைக்கும் நேரத்தைக் குறைக்காவிட்டால் இரண்டாவது ஈடு ஒரு நிமிடம் முந்திப் போகும்.

11. மீண்டும் தராசு

ஆறிய கொட்டையை எடை போடுங்கள். 200 கிராம் 168 முதல் 172 கிராம் வரை நின்றால், அதாவது 14 முதல் 16 சதவீதம் குறைந்திருந்தால், பில்டர் காபிப் பதம். 176க்கு மேல் நின்றால் பதம் போதவில்லை. 160க்குக் கீழே போனால் கரியை எடை போடுகிறீர்கள். நிறம் விளக்குக்கு விளக்கு மாறும். இந்த எண் மாறாது.

எல்லாம் கரும்பழுப்பாக இருக்க, சில கொட்டைகள் மட்டும் வெளிறி நிற்கும். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை, இன்னும் வறுத்தாலும் நிறம் ஏறாது. பொறுக்கி எறியுங்கள், இருந்தால் காபியில் வேர்க்கடலைத் தோல் ருசி வரும்.

12. ஒரு நாள் பொறுங்கள்

வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். முதல் 12 மணி நேரம் எவர்சில்வர் டப்பாவில் மூடியை இறுக்காமல் வையுங்கள். அதன்பின் காற்றுப் புகாமல் மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வைக்கலாம். உடனே அரைத்துப் போட்டால் பில்டரில் பொடி நுரைத்து மேலெழும். தண்ணீர் பொடிக்குள் சரியாக இறங்காது, டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும்.

இரண்டாம் நாளிலிருந்து குடிக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கே வறுங்கள். பிரிட்ஜ் வேண்டாம், எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் ஏறும், நேற்றைய சாம்பார் வாடையும் ஏறும். பச்சைக் கொட்டையோ துணிப்பையில், உலர்ந்த இடத்தில் பல மாதம் தாங்கும். ஆகவே பச்சையாகச் சேமித்து, வாரத்துக்கு ஒருமுறை வறுப்பதே சரியான ஏற்பாடு.

13. அரைப்பதும் இறக்குவதும்

மிக்ஸியில் 50 கிராமுக்கு மேல் போடாதீர்கள். மூன்று நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறி மணம் ஜாரிலேயே போய்விடும். நைஸ் ரவையைவிடச் சற்று மென்மையாக, மாவாகாமல் இருக்க வேண்டும். கையால் சுற்றும் மெஷின் இருந்தால் அளவு இன்னும் சீராக வரும்.

30 கிராம் பொடிக்கு 180 மில்லி, கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீர். பொடி தன் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 120 மில்லி டிகாக்‌ஷன் இறங்கும். சிக்கரி கலந்த பொடிக்குப் பழகியவர்களுக்கு இது வேகமாக இறங்குவதும் மெலிவாக இருப்பதும் உறுத்தும். தண்ணீரை மெல்ல விடுவதும் கெட்டித்தன்மை தருவதும் சிக்கரி செய்யும் வேலை. இன்னும் கொஞ்சம் மென்மையாக அரைத்தால் பாதி சரியாகும். சிக்கரி வேண்டுமானால் வறுத்த சிக்கரிப் பொடியாக வாங்கி, 80க்கு 20 என்று கலந்துகொள்ளுங்கள். கொட்டையோடு சேர்த்து வறுக்க முடியாது.

14. ருசியிலிருந்து தவறைக் கண்டுபிடித்தல்

புல் வாடையும் கூர்மையான புளிப்பும் இருந்து, அரைக்கும்போது கொட்டை கல்போல முரண்டு பிடித்திருந்தால், முதல் வெடிப்பைக் கேட்டுப் பதறி இறக்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

கசப்போடு சாம்பல் ருசி வந்தால் இரண்டு காரணம் உண்டு. கொட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே கறுப்பு என்றால் தாமதமாக இறக்கியது. வெளியே கறுத்து உள்ளே வெளிறியிருந்தால் தொடக்கத்திலிருந்தே தீ அதிகம். வாணலி காயும் நேரத்தைக் குறையுங்கள்.

தட்டையான பக்கத்தில் மட்டும் வட்டக் கரும்புள்ளிகள் இருந்தால், கிளறும் கை நின்றிருக்கிறது அல்லது வாணலி புகையும்வரை காய்ந்திருக்கிறது. நிறம் அழகாக இருந்தும் மணமே இல்லையென்றால் நோட்டில் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 17, 18 நிமிடம் என்று இருக்கும். தீயைக் கூட்டுங்கள், அல்லது 200 கிராமை 150 ஆக்குங்கள். இரண்டையும் ஒரே ஈட்டில் மாற்ற வேண்டாம்.

நோட்டில் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஐந்து எண் போதும்: பச்சை எடை, மஞ்சளான நேரம், முதல் வெடிப்பு தொடங்கிய நேரம், இறக்கிய நேரம், வறுத்த எடை. குடித்துப் பார்த்தபின் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். வறுத்த அன்று அல்ல, மூன்றாம் நாள்.